ஒன்பதாம் பக்கத்து அழுகை

காலை பதினொன்றரை மணிக்குள் கிரெட்சனின் கணவன் ஐந்து முறை செத்துப் போயிருந்தான். ஐந்தாவது முறை அந்தச் சாவைச் சொல்ல வந்த மாணவிக்கு வாய் உலர்ந்துவிட்டது. "உங்க கணவர் இப்ப நம்மகூட இல்ல" என்று அவள் இழுத்த இழுப்பில், மனிதர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்றே யாருக்கும் தோன்றும். கிரெட்சன் சிரிக்கக் கூடாது. 'இறந்துட்டார்' என்ற சொல் மாணவியின் வாயிலிருந்து விழும்வரை புரியாதவள்போல உட்கார்ந்திருக்க வேண்டும். விழுந்ததும் குனிந்து, ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டியிருக்கும் வலது ஷூவின் லேஸை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். கட்டி முடித்து நிமிர்ந்து "எத்தனை மணிக்கு?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அழுகை. எல்லாம் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் வரிசையாக எழுதியிருக்கிறது.

சிகாகோவில் நடிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படிச் சோறு போடுவது மருத்துவக் கல்லூரிகள்தான். நாளைய டாக்டர்கள் நிஜ மனிதர்களிடம் போய் உளறுவதற்கு முன் நடிகர்களிடம் உளறிப் பழகிக்கொள்ள வேண்டுமாம். பரீட்சை நாளில் எட்டு அறைகள், எட்டு நடிகைகள், எட்டுப் பேருக்கும் ஒரே கதை. மணி அடித்ததும் எட்டு மாணவர்கள் எட்டுக் கதவையும் தட்டுவார்கள். எட்டு மனைவிகளும் ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் ஒரே கணவனுக்காகக் குனிவார்கள். ஒருத்தி கூடுதலாக அழுது இன்னொருத்தி குறைவாக அழுதால் மாணவர்களுக்கு அநியாயமாகிவிடும். அதனால் கண்ணீரிலும் அளவு உண்டு. கூரையில் இருக்கும் கேமரா வழியாக, பயிற்சியாளர் லொரேன் எட்டுத் திரைகளில் எட்டுத் துக்கங்களையும் பார்த்துக்கொண்டிருப்பாள். மாணவர் வெளியே போனதும் அவருக்கு மதிப்பெண் போட வேண்டியதும் அந்த மனைவியின் வேலைதான். கை கழுவினாரா, பெயர் சொன்னாரா, அழும்போது குறுக்கே பேசாமல் இருந்தாரா என்று இருபத்திரண்டு கேள்விகள்.

லேஸ் கட்டுவதை லொரேன் கண்டுபிடிக்கவில்லை. அது கிரெட்சனுடையது. விஸ்கான்சினில் பால் டேங்கர் ஓட்டிய அவள் அப்பா ஒரு பிப்ரவரியில் மாரடைப்பில் போனபோது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு இளம் டாக்டர் அவளிடம் வந்து சொன்னார். அவள் அழவில்லை, கத்தவில்லை. குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். ஏன் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இரண்டு வருடம் முன்பு இந்த வேலைக்கான பயிற்சியில் "சாவுச் செய்தி கேட்டா என்ன பண்ணுவீங்க, பண்ணிக் காட்டுங்க" என்று லொரேன் கேட்டாள். மற்றவர்கள் முகத்தை மூடினார்கள், நெஞ்சைப் பிடித்தார்கள், ஒருத்தி நாற்காலியிலிருந்து சரிந்தே விழுந்தாள். கிரெட்சன் குனிந்து லேஸைக் கட்டினாள். "இதுதான், இதேதான்" என்று லொரேன் எழுதிக்கொண்டாள். அப்பா கதையை கிரெட்சன் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இங்கே செய்து காட்டுவதெல்லாம் கல்லூரிக்குச் சொந்தம் என்று நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

இன்றைக்கு மதிய இடைவேளை ஒன்றரை மணி நேரம். அந்த இடைவேளைக்காகத்தான் அவள் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கும் பெரிய நாடக அரங்கில் பன்னிரண்டேகாலுக்கு அவளைத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். எட்டு மாத ஒப்பந்தம், மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு. ஏழு வருடமாக அவள் நடித்ததெல்லாம் காலிக் கடைகளை வாடகைக்கு எடுத்துப் போட்ட மேடைகளில். முப்பது நாற்காலி போட்டால் பதினெட்டு நிறையும், அதில் பன்னிரண்டில் வேறு நாடகக்காரர்கள் இருப்பார்கள். வருகிற மார்ச்சில் அவளுக்கு முப்பது வயது. இது கிடைத்தால் எட்டு மாதம் காலையில் எழுந்து நடிகையாக மட்டும் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வாரத்துக்கு முப்பது கணவர்கள் தொடர்ந்து சாவார்கள்.

கொடுத்திருந்த காட்சியில், ஏரியில் படகோடு மூழ்கிய அண்ணனைப் பற்றி ஒரு தங்கையிடம் வந்து சொல்கிறார்கள். அதற்கென்று கிரெட்சன் மூன்று வாரம் ஒத்திகை பார்த்திருந்தாள். செய்தியைக் கேட்டதும் அந்தத் தங்கை எதிரில் இருப்பவரின் கோட்டைப் பிடித்து, பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள், வெளியே குளிருகிறதே என்பதுபோல. நல்ல யோசனை. அவளுடைய சொந்த யோசனை. மேடையில் ஏறினாள், பேசினாள், குரல் நன்றாக நின்றது. எதிரே வசனம் படித்த பையன் "அவர் இறந்துட்டார்" என்றான். காலையிலிருந்து அதே சொல்லுக்கு ஐந்து முறை குனிந்த முதுகு ஆறாவது முறையும் தானாகக் குனிந்தது. கை லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

இருட்டில் உட்கார்ந்திருந்த இயக்குநர் மெதுவாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்துப்போன சிரிப்பு.

"ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. இந்த ஊர்ல எங்கயாவது இதுக்கு க்ளாஸ் எடுக்கறாங்களா?"

"எதுக்கு?"

"இந்த ஷூ லேஸ். நேத்து ஒரு பொண்ணு பண்ணா. அப்படியே ஆடிப் போயிட்டோம், என் பக்கத்துல இருந்தவங்க அழுதுட்டாங்க. இன்னிக்குக் காலைல இன்னொருத்தி அதையே பண்ணா. இப்ப நீங்க."

கிரெட்சனுக்குக் காது சூடாகியது. "அது என்னோடது. எங்க அப்பா செத்தப்ப நான் பண்ணது."

"இருக்கலாம்" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லுக்காக அவரை மேடையிலிருந்தே குதித்து அறைந்திருக்கலாம் என்று ரயிலில் திரும்பும்போது அவள் நினைத்தாள். பொய் என்று சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டிருக்கலாம். இருக்கலாமாம். அப்பா செத்திருக்கலாம். அவள் குனிந்திருக்கலாம். பெரிய மனசு பண்ணி அவள் துக்கத்துக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அனுப்பிவிட்டார். போகும்போது "நேத்து வந்தவங்களையே மறுபடி வரச் சொல்லியிருக்கோம். நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றி" என்று மரியாதையாகவும் சொன்னார்.

நேற்று வந்தவள் யார் என்று யோசிக்கவே தேவையில்லை. நேற்று விடுமுறை கேட்டிருந்தவள் ஒருத்திதான். நடிகைகள் உடை மாற்றும் அறையில் மரிசோல் மடியில் டப்பாவை வைத்துச் சோறும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வருடத் தோழி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே ஹீட்டரைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

"நேத்து போயிருந்தியா?" என்றாள் கிரெட்சன்.

மரிசோல் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "உங்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"லேஸ் கட்டினியா?"

"கட்டினேன். ஏன்?"

"அது என்னோடதுடி!"

"மேனுவல்ல இருக்கு கிரெட்சன். ஒன்பதாம் பக்கம்."

"என்கிட்டேருந்துதான் மேனுவலுக்கே போச்சு. எங்க அப்பா செத்த அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் பண்ணதை அந்த லொரேன் எழுதி வச்சுக்கிட்டா. அதை வச்சு நீ வேஷம் வாங்கறே!"

மரிசோலின் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது சொன்னியா? வாரத்துக்கு முப்பது தடவை நானும்தான் குனியறேன். என் முதுகு, என் கண்ணீர். அது இன்னும் உன்னோடதுதானா? அழுகைக்குப் பட்டா போட்டு வச்சிருக்கியா நீ?"

"திருடி."

"ஆமா, திருடி. காலைல நாலு நாயைக் கூட்டிட்டு நடக்கறேன், அப்புறம் இங்க வந்து சாவு கேக்கறேன், சாயங்காலம் போய் பார்ல கிளாஸ் கழுவறேன். இந்த மகாராணி வாழ்க்கைக்காகத்தான் திருடினேன். போடி."

பக்கத்தில் இருந்த மற்ற ஆறு மனைவிகளும் ஃபோனைப் பார்ப்பதுபோல பாவனை செய்தார்கள். அத்தனை பேரும் நல்ல நடிகைகள். கிரெட்சனுக்கு மரிசோல் மேல் வந்த கோபம் பாதியில் திக்கி நின்றது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது. நேராக மாடியேறி, திரைகள் இருக்கும் அறைக்குப் போனாள்.

லொரேன் தேர்வுப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கிரெட்சன் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கேட்பதுதான் அவள் தொழில். கேட்பது எப்படி என்று டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுப்பவள்.

"உனக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு என்னால புரிஞ்சுக்க முடியுது, கண்ணு."

அதுவும் கையேட்டில் இருக்கிற வாக்கியம்தான், பதினான்காம் பக்கம்.

"அதை எடுத்துடுங்க லொரேன். இப்பவே எடுத்துடுங்க."

"பரீட்சைக்கு நடுவுல எப்படிம்மா எடுப்பேன்? காலைல வந்த பசங்களுக்கு லேஸ் இருந்தது. மத்தியானம் வர்றவங்களுக்கு இல்லன்னா நியாயமா? அடுத்த வருஷம் பேசலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், அது ரொம்ப நல்லா வேலை செய்யுது. வேற மூணு காலேஜ்லேருந்து கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. நீ சந்தோஷப்படணும்."

மூன்று கல்லூரிகள். கிரெட்சன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுவிட்டாள். இந்த நாட்டில் எத்தனையோ அறைகளில் முன்பின் தெரியாத பெண்கள் அவள் அப்பாவுக்காகக் குனிந்துகொண்டிருக்கிறார்கள். அவர் ஒரு நாளும் தன்னைப் பற்றி யாரும் இவ்வளவு பேசுவதை விரும்பியதில்லை. மணி அடித்தது. அவள் கீழே இறங்கித் தன் அறையில் போய் உட்கார்ந்தாள். உட்காராமல் போயிருந்தால் அந்த மாத வாடகை இல்லை.

கதவைத் தட்டி வந்த மாணவனின் வெள்ளைக் கோட்டில் கேலெப் என்று பெயர் இருந்தது. கை கழுவினான். பெயர் சொன்னான். நாற்காலியைச் சரியான தூரத்தில் இழுத்துப் போட்டான். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. பிறகு கையேடு அந்த மனைவிக்கு வைத்திருந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "மிஸஸ் ஹால்வர்சன், உங்களுக்கு ஒரு வருத்தமான செய்தி சொல்லணும். உங்க கணவர் இறந்துட்டார். என்னை மன்னிச்சுக்கோங்க." நன்றாகவே சொன்னான். சொல்லி முடித்துவிட்டு அவன் கண் அவள் முகத்தில் நிற்கவில்லை. கீழே போனது. அவளுடைய வலது ஷூவில் போய் நின்றது.

கிரெட்சன் அசையவில்லை. அவன் காத்திருந்தான். காலையில் பரீட்சை முடித்தவர்கள் இவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். லேஸ் கட்டுவாள், அப்போது வாயைத் திறக்காதே, முடிக்கட்டும், அதற்கு இரண்டு மதிப்பெண். அவன் நல்ல பிள்ளையாக வாயைத் திறக்காமல் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. அவன் நெற்றி வியர்த்தது. ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்தவன், மெதுவாகக் கேட்டான்:

"மேடம்... லேஸ்?"

அவளுக்குள் எதுவோ அறுந்தது. "என் வீட்டு மனுஷன் செத்துட்டார்னு சொல்லிட்டு என் காலைப் பாக்கறியா? மூஞ்சியைப் பார்றா! என் மூஞ்சியைப் பாரு!" கூரையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லொரேன் இந்நேரம் எழுந்து நின்றிருப்பாள். எழட்டும். கிரெட்சன் வலது ஷூவைக் காலிலிருந்து உருவி, அவன் மடியில் எறிந்தாள். "இதுக்குத்தானே காத்துட்டு இருக்கே? எத்தனை பேருக்கு நான் கட்டறது? நீ கட்டு."

கேலெப் அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது உண்மையிலேயே பார்த்தான். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எழுந்து ஓடிப்போவான் என்றுதான் அவள் நினைத்தாள். தரையின் குளிர் காலுறை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள், அளவில்லாமல், மூக்கு ஒழுக.

அவன் குனிந்தான். மடியில் கிடந்த ஷூவை இரண்டு கையாலும் எடுத்து, பழைய முடிச்சை அவிழ்த்து, லேஸுக்கு அடியில் மடங்கிக் கிடந்த தோல் நாக்கை நேராக்கி, லேஸின் இரு நுனிகளையும் பிடித்தான். முதல் முடிச்சு கோணலாக விழுந்தது. அதை அவிழ்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கட்டத் தொடங்கினான்.