பன்னிரண்டு சென்ட் பாறை

எழுபத்தெட்டாம் வருஷம் ஆயில் இஞ்சின் வாங்க அரசாங்கம் மானியம் கொடுத்தது. சேரப்பணஞ்சேரியில் பஞ்சாயத்து போர்டு சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டரை ஏக்கருக்கு மேல் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்கள் சிறு விவசாயிகள். அதற்குக் கீழே இருப்பவர்கள் குறு விவசாயிகள். தாண்டவராயனுக்கு இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். அவன் பெயர் குறுவில் இருந்தது.

ஆறடி ஆள் அவன். கூட்டத்தில் எழுந்து நின்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேடை தெரியாது. டீக்கடையில் கன்னியப்பன்தான் ஆரம்பித்து வைத்தான்.

"யாரு, நம்ம குறுவா? வா, குந்து."

கன்னியப்பனுக்கு இரண்டு ஏக்கர் ஐம்பத்தைந்து சென்ட். அந்த ஐந்து சென்ட் புண்ணியத்தில் அவன் சிறு விவசாயி.

மறுநாள் காலையிலேயே தாண்டவராயன் கிராம சேவக் சாலமோனைப் போய்ப் பிடித்தான். பட்டியலை எழுதியது சாலமோன்.

"சாரே, என்னைத் தூக்கி சிறுவுல போடு."

"அண்ணே, குறுவுக்கு இஞ்சின் விலையில மூணுல ஒரு பங்கு மானியம். சிறுவுக்கு நாலுல ஒரு பங்குதான். நஷ்டம் உங்களுக்குத்தாங்க."

"பங்கு கெடக்குது. ஊரே பாத்து சிரிக்குது சாரே."

"ரெண்டரை ஏக்கரைத் தாண்டாம நான் ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே."

பத்து சென்ட் சொச்சம் குறைந்தது. இரண்டு நாள் அலைந்தும் யாரும் நிலம் விற்பதாக இல்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கன்னியப்பனிடமே போனான். இருவர் நிலத்துக்கும் நடுவில் கன்னியப்பனுக்குச் சொந்தமான ஒரு பாறை கிடந்தது. தட்டையான பாறை, புல்கூட முளைக்காது. அதில் கொஞ்சம் கேட்டான்.

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். நாலு நாள் கழித்து அவனே வீடு தேடி வந்தான்.

"பத்து இன்னாத்துக்கு, பன்னெண்டா எடுத்துக்கோ. உனக்கு இல்லாததா?"

தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு ஆடுகளை விற்று, பத்திரம் பதிந்து, கர்ணத்திடம் நடையாய் நடந்து பட்டாவையும் மாற்றினான்.

"அந்தப் பாறையில இன்னாத்தய்யா நடப் போறே?" என்று கேட்டாள் பெண்டாட்டி பாப்பம்மாள்.

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

புதுப் பட்டியல் வந்தது. சிறு விவசாயிகளில் தாண்டவராயன் பெயர். அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான். மூன்றாவது தடவை கண் கொஞ்சம் கீழே இறங்கியது. குறு விவசாயிகள் வரிசையில் கன்னியப்பன். இரண்டு ஏக்கர் நாற்பத்து மூன்று சென்ட்.

சாலமோனிடம் ஓடினான்.

"ஆமாண்ணே. எவ்ளோ கொறைஞ்சா குறுவுல வரலாம்னு, பாறையை விக்கறதுக்கு முன்னாடியே வந்து கேட்டுக்கினு போனாரு" என்றான் சாலமோன், பாவம், ஒன்றும் தெரியாதவனாக.

பாப்பம்மாள் மூன்று நாள் புருஷனிடம் பேசவில்லை. சோற்றுத் தட்டு மட்டும் சத்தமாகப் பேசியது. நான்காம் நாள் கன்னியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, துட்டு வாணாம். அந்தப் பாறையை நீயே வச்சிக்கோ."

"ஐயோ, வாணாம் தங்கச்சி! எனக்கு இருக்கறதே போதும்" என்று கைகூப்பினான் கன்னியப்பன்.

இஞ்சின் இரண்டு வீட்டுக்கும் வந்தது. இரண்டு கிணற்றிலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் கொட்டியது. அந்த வருஷம் தாண்டவராயன் நிலத்தில் நெல் நன்றாக விளைந்தது. அவித்த நெல்லைக் காயவைக்க இடம் தேடிய பாப்பம்மாள், பாறையைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி நெல்லைப் பரப்பினாள். ஒரே வெயிலில் கலகலவென்று காய்ந்துவிட்டது. ஊரில் அப்படியொரு களம் யாருக்கும் இல்லை.

மறுவாரம் கன்னியப்பன் பெண்டாட்டி கிளியம்மாள் மிளகாய்க் கூடையோடு வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் எடம் குடேன்."

பாப்பம்மாள் அவளை நன்றாகக் காக்க வைத்துவிட்டு, "சரி, அந்த ஓரமா கொட்டிக்கோ" என்றாள். புருஷன் பக்கம் திரும்பி, "இன்னாய்யா நின்னுகினு கீறே? காக்கா வருது பாரு" என்றாள்.

சிறு விவசாயி தாண்டவராயன் துண்டை உதறிக்கொண்டு காக்கா ஓட்டப் போனான்.