தண்ணீர் லாரி

தம்பிக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான். மாலை நான்கு மணிக்கு அவன் ஒதுங்கியிருந்த கட்டிடத்தின் நிலவறையில் ஜெனரேட்டரை ஓட்டுவார்கள். அதற்குள் போனுக்கு உயிர் வந்து, இணையம் வந்து, அக்காவுக்கு ஒரு வரி வந்து சேர வேண்டும். வியாழக்கிழமை வந்த வரி இது: "அக்கா, வடக்குப் பாலம் இருக்கா? தண்ணி தீர்ந்துபோச்சு. நாளைக்கு வேன்ல பதினோரு பேர் கிளம்பலாமான்னு பாக்குறோம். நீ சொல்றதுதான்."

கடல் தாண்டி, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவளிடம் போய்ப் பாலத்தைக் கேட்கிறானே என்று சிரிக்க வேண்டாம். அந்த நகரத்தில் அவளும் ஒன்பது வருஷம் இருந்தவள். அந்த மொழி தெரியும். லிப்ட் மெக்கானிக்கான தம்பியை அங்கே வேலைக்கு இழுத்ததே அவள்தான். அந்த உறுத்தல் வேறு.

சண்டை தொடங்கியதும் டிவி பார்த்தாள். ஒரே கட்டிடத்தைக் காலையிலிருந்து ராத்திரிவரை விழவைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பெனிகளின் சமூக வலைத்தளங்கள் அதைவிட மோசம். போன சண்டையின் படம், வீடியோ கேமின் வெடி, நடுவில் செருப்பு விளம்பரம். தலையில் அடித்துக்கொண்டு, முதலாளி என்று ஒருத்தர் இல்லாத ஒரு வலைக்கு வந்து சேர்ந்தாள். சின்னச் சின்ன சர்வர்கள், வீடுகள் மாதிரி. ஒவ்வொன்றையும் யாரோ ஒரு ஆள் தன் கைக்காசில் நடத்துகிறார். ஒரு வீட்டில் எழுதுவது அடுத்த வீட்டுக்கும் போகும்.

அவள் இருந்த வீட்டை நடத்தியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். போர்ச் செய்தி என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் "டிக்கெட் எங்கே?" என்பார். படம் எங்கே எடுத்தது, எப்போது, யார் எடுத்தார்கள்? இல்லையென்றால் தாட்சண்யமே கிடையாது, இறக்கிவிட்டுவிடுவார். மூன்று வெவ்வேறு வீடுகள் சொன்னால்தான் நம்பலாம் என்பது அவர் வைத்த சட்டம்.

பாலத்துக்கு மூன்று இருந்தன. திங்கட்கிழமை அந்த ஊர் பேக்கரிக்காரர் ஒருவர் படமே போட்டிருந்தார். பாலத்தின் மேல் வரிசையாக ஆறு லாரிகள். நிழல், விளக்குக் கம்பம், அக்கரையின் புகைபோக்கி எல்லாம் சரியாக இருந்தன. படத்தின் கீழே அவர் எழுதியிருந்ததை அவளே மொழிபெயர்த்துச் செவ்வாய்க்கிழமை எழுதினாள். வியாழக்கிழமை வேறு இரண்டு வீடுகளில், வேறு இரண்டு மொழிகளில், பாலத்தில் லாரிகள் போகின்றன என்று வந்திருந்தது. கருவியில் மொழிபெயர்த்துப் படித்தாள். மூன்று.

"போங்க. பாலம் இருக்கு," என்று அனுப்பினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஊரடங்கு தளர்ந்ததும் வேன் கிளம்பியிருக்கும். பத்தரைக்குக் கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி எண் அட்டையைப் படித்தாள். கடைசி வரியில் மூன்றை எட்டு என்றாள். அடுத்து கணவர் உட்கார்ந்தார். தடுமாறாமல் கடகடவென்று கடைசி வரிவரை வந்து, அவரும் எட்டு என்றார்.

"நிஜமாத் தெரியுதா சார்?"

"எங்கம்மா தெரியுது! அவ படிச்சதைக் கேட்டேன், அதையே சொல்லிட்டேன்," என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவருடைய கண்ணில் மாட்டியிருந்த சோதனைக் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

அந்த இரண்டு செய்திகளிலும் லாரிகள் தண்ணீர் லாரிகள். ஆறு தண்ணீர் லாரிகள். ஆனால் பேக்கரிக்காரர் படத்தில் இருந்தவை பால் லாரிகள். கஸ்டமர்களுக்கு நடுவில் அவசரமாக மொழிபெயர்த்தபோது, வெள்ளி நிறத் தொட்டியைப் பார்த்துத் தண்ணீர் என்று எழுதியவள் அவள்தான். அன்று மாலையே தெரிந்தது. லாரிதானே, எதுவாயிருந்தால் என்ன என்று விட்டுவிட்டாள். உலகத்தில் வேறு யாரும் அங்கே தண்ணீர் லாரியைப் பார்க்கவில்லை. அவளுடைய பேச்சே இரண்டு வீடு சுற்றி அவளிடமே சாட்சி சொல்ல வந்திருந்தது. பேக்கரிக்காரரோ திங்கள் இரவுக்குப் பிறகு ஒரு வார்த்தை எழுதவில்லை.

தம்பியின் போன் கிடைக்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அதை அழிச்சுடட்டுமா?"

"அழிக்காதேம்மா. நீ இங்க அழிச்சா, அவங்க எடுத்து எழுதினது அங்கங்க நிக்கும். தப்பு என்னோடதுன்னு அந்த ஊர் பாஷையிலயே எழுது. எந்தெந்த வீட்டுக்குப் போச்சோ, நடத்துறவங்க கதவையெல்லாம் நான் தட்டுறேன்." கூடவே, "நானும் டிக்கெட் கேக்காம விட்டுட்டேன். நம்ம பொண்ணாச்சேன்னு," என்றார்.

எழுதினாள். தண்ணீர் லாரி பொய். அதை எழுதியது நான். பாலத்தைத் திங்கட்கிழமைக்குப் பிறகு பார்த்தவர் யாருமில்லை. போகாதீர்கள். பிறகு நான்கு மணிவரை கடையில் என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்கு வந்தது: "அக்கா, திரும்பிட்டோம்."

கல்லாவில் தலையைச் சாய்த்து அழுதாள். அடுத்த வரி வந்தது.

"மேட்டுல வந்தப்ப ஒருத்தருக்கு சிக்னல் கிடைச்சுது. தண்ணி லாரி பொய், போகாதீங்கன்னு யாரோ போட்டிருந்தாங்களாம். பாலம் திங்கக்கிழமை ராத்திரியே இடிஞ்சு போச்சுன்னு திரும்பற வழியில சொன்னாங்க. அங்க ஒரே பனி, ஒண்ணும் தெரியல."

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"நாங்க நல்லா இருக்கோம். எங்களுக்கு முன்னாடி ஒரு கார் போச்சு. ஹார்ன் அடிச்சுப் பாத்தோம். அவங்க நிறுத்தல." மறுபடி வந்தது: "வழியில பெட்ரோல் பங்க்ல பேசினோம், அக்கா. அப்பா, அம்மா, ரெண்டு பொண்ணுங்க. பின் சீட்ல கிளிக்கூண்டு. அந்தப் பக்கம் போனா தண்ணி கிடைக்கும், லாரி வந்துட்டிருக்காம்னு சின்னப் பொண்ணுதான் சொல்லிச்சு."

"அது நான் எழுதினது," என்று தட்டி அனுப்பினாள்.

மணி நான்கு பத்து. ஜெனரேட்டரை நிறுத்தியிருப்பார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒற்றை டிக் மட்டும் நின்றது. அவனை அது போய்ச் சேர நாளை நான்கு மணியாகும்.