அமரர் உடையப்பனின் புகார்

ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் யார் செத்தாலும் முதலில் ஹில்டாவுக்குத்தான் தெரியும், அடுத்தது எனக்கு. மரண அறிவிப்பு அடித்துக் கொடுப்பது அவள் தொழில். எதிர்வீட்டில் குடியிருப்பது என் தொழில்.

அவளுடைய மேசைக் கணினி போன மாதம் கண்ணை மூடியது. வாங்கிய கடைக்கே தூக்கிக்கொண்டு போனாள். பாகம் கிடையாதாம். கம்பெனி அந்த வகையையே நிறுத்திவிட்டதாம்.

"இப்பல்லாம் யாரு அக்கா மேசையில வச்சுப் பார்க்குறா? எல்லாம் கைக்குள்ள வந்திருச்சு லா," என்று விற்பனையாளன் ரூபன் ஒரு டேப்லெட்டை அவள் தலையில் கட்டினான். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது.

நம் ஆட்களின் அறிவிப்பு என்றால் சும்மாவா? மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி. ஒரு பெயர் விட்டுப்போனால் கருமக்கிரியை வரைக்கும் சண்டை. பெரிய திரையில் குடும்பம் மொத்தமும் ஒரே பார்வையில் நிற்கும். இந்தத் தட்டிலோ, மேலே தள்ளினால் செத்தவர் மறைவார். கீழே தள்ளினால் பேரப்பிள்ளைகள் மறைவார்கள்.

சன்னாசி இறந்தபோது வந்தது வினை. ஹில்டாவின் விரல் எங்கோ பட்டு, அவர் பெயருக்கு முன்னால் இருந்த 'அமரர்' கீழே இறங்கி, தம்பி உடையப்பன் பெயரில் ஒட்டிக்கொண்டது. அப்படியே அச்சாகித் தெருவெல்லாம் ஒட்டியாயிற்று. பீடோர் ஊர்ச் சொந்தங்கள் இரண்டு மாலையோடு வந்து இறங்கினார்கள். இரண்டாவது மாலையைக் கைநீட்டி வாங்கியவர் உடையப்பனேதான்.

காரியம் முடிந்ததும் உடையப்பன் ஹில்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். "என்னம்மா, அண்ணனோட என்னையும் சேர்த்து அனுப்பிட்டியா?"

"இனிமே எவன் அண்ணே என்கிட்ட வருவான்? பின்லோரோங்கு சந்துல ஒரு சாவு, வேற ஆளுகிட்ட போயிட்டாங்க," என்று அவள் அழுதாள். டேப்லெட்டையும் காட்டினாள்.

பார்த்தார். கோபம் அப்படியே திசை திரும்பியது. "கிளம்பு கடைக்கு!" காரில் ஓர் இடம் காலியாக இருந்தது, வீணாக்குவானேன் என்று நானும் ஏறினேன்.

கடையில் ரூபன் சிரித்தான். "புகார்னா ஆப்புல போடுங்க அண்ணே. பேரு சொல்லுங்க, நானே போடுறேன்." தட்டத் தொடங்கினான். எதில் என்கிறீர்கள்? கல்லா மேசையில் அகலத் திரையோடு உட்கார்ந்திருந்த, அதே கம்பெனியின் மேசைக் கணினியில்!

"அப்ப இது என்னடா?"

"இது ஆபீஸ் வேலைக்கு லா. சின்னதுல கணக்குப் போட்டா தப்பு வரும்."

"மானா போலே! அது எப்படிடா முடியும்? உன் கணக்குல தப்பு வரக் கூடாது, என் உயிருல வரலாமா?"

எனக்கே ரத்தம் கொதித்தது. நாம் செய்தால் அது வேலையில்லையா?

உடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவளுக்கு இந்த மாதிரி ஒண்ணு வர்ற வரைக்கும் நகர மாட்டேன். செத்தவனுக்கு என்ன அவசரம்?" போனை வாங்க வந்தவர்களிடமெல்லாம் அறிவிப்பை நீட்டி, "இது நான்தான்," என்று அறிமுகமும் செய்துகொண்டார்.

வாடிக்கையாளர்கள் நழுவ நழுவ மேலாளருக்கு ஞாபகசக்தி பெருகியது. கிடங்கிலிருந்து புது மேசைக் கணினிப் பெட்டி ஒன்று வந்தது. கடைசிப் பெட்டியாம். டேப்லெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஹில்டா அதை மடியில் வைத்திருந்தாள். "இதுவும் கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"அதுக்குள்ள பெரிய குடும்பத்து ஆளுங்க எல்லாம் போய்ச் சேர்ந்திரணும்," என்றாள்.

உடையப்பன் கார் கண்ணாடியில் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு ஒன்பது பிள்ளைகள்.