ஓவன் கதவும் மூத்துப்போன தங்கையும்

ஓவன் கதவு சரியாக மூடாமல் போன அந்த ஒரே வருடத்தில் சின்னவள் தன் அக்காவைவிட மூத்தவளாகிவிட்டாள். திறந்திருந்த கதவின் மேல் கனத்த தட்டு ஒன்று விழுந்து ஒரு பக்கக் கீல் வளைந்தது, ஓவன் வாயைச் சுற்றிச் சூட்டைத் தடுத்திருந்த அடைப்புக் கயிறு பிய்ந்தது, இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே கரி இறங்கியது. சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளிதான். ஆனால் அதன் வழியே கசிந்த சூட்டில் நின்றவர்களுக்கு வயது கூடியது. பூனைக்குத்தான் அது முதலில் நடந்தது. திங்கட்கிழமை தத்தித் தத்தி வந்து ஓவன் முன்னால் சுருண்ட குட்டி, வெள்ளிக்கிழமை பல் கொட்டிய கிழப்பூனையாகச் செத்தது.

சின்னவள் கடைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பவள். ஓவன் முன்னால் நிற்காமல் அவளுக்குப் பிழைப்பு இல்லை. பெரியவள் பக்கத்து அறையில் துணி தைப்பவள். தங்கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மூன்றே மாதத்தில் தோளில் தொங்கியபோதுதான் அவளை ஓவன் முன்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "அத விட்டுத் தொலையேன்டி" என்றால், "குளிருக்கு இதமா இருக்குக்கா" என்பாள் சின்னவள். மெக்கானிக் வந்தார். குனிந்து பார்த்து, "இதுக்குக் கதவு தனியா வராதும்மா, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய மீசை நரைத்துவிட்டது. பைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தவர் கூலிகூட வாங்காமல் போனார். பழைய இரும்புக்காரர் வாசலோடு திரும்பினார். விஷயம் தெருவெல்லாம் பரவியிருந்தது. ரொட்டி வாங்குவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

சின்னவளின் கணவன் தொலைவில் பாலம் கட்டும் வேலையில் இருந்தான். விடுமுறைக்கு வந்தவன், வாசல் கதவைத் திறந்த கிழவியிடம், "அவ இல்லையாம்மா?" என்று கேட்டான். "கடைக்குப் போயிருக்கா, உக்காருங்க" என்றாள் சின்னவள். அவன் உட்கார்ந்து காத்திருந்தான். பெரியவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து உண்மையைச் சொல்லும்வரை, தங்கை சமையலறைச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். அவன் நல்லவன், விட்டுவிட்டு ஓடவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனைவியை "வாங்க, போங்க" என்றுதான் அவனால் கூப்பிட முடிந்தது. அதைக் கேட்ட சின்னவள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அவன் வேலைக்குத் திரும்பிய மறுநாள் பெரியவள் ஹார்டுவேர் கடையில் புது அடைப்புக் கயிறு வாங்கிவந்து, ஓவன் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியும் சூடு தணியவில்லை. கதவைக் கழற்றினால் வாய் முழுதாகத் திறந்துவிடும்.

"நான் கழட்டுறேன். இனிமே போறதுக்கு எனக்கு என்ன இருக்கு?" என்றாள் சின்னவள்.

"இருக்குற கொஞ்ச ஆயுசும் போயிடும்டி. எங்கிட்டதான் கையிருப்பு இருக்கு. நீ வெளிய போ."

பெரியவள் கீல்களின் கொக்கிகளை விடுவித்து, கதவைப் பாதிச் சாய்வில் தூக்கியெடுத்து, மடித்த போர்வைமேல் கிடத்தினாள். திருகுகளைக் கழற்றிக் கண்ணாடிகளைப் பிரித்தாள். சமையல் சோடாவைக் குழைத்துக் கரிமேல் பூசி ஊறவைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது முடியாக வந்தது. தங்கையின் கறுத்த முடி, கொத்துக் கொத்தாக. நடுவே பூனைக்குட்டியின் பால்பற்கள் இரண்டு. திருப்பி ஒட்டவைக்க முடியாத பொருள்கள். குப்பையில் போட்டாள். வளைந்த கீலைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாள். புதுக் கயிற்றை மாட்டும்போதுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டியிருந்தது. முதலில் ஊசியில் நூல் கோக்கும் கண் போனது, அப்புறம் முழங்கால். மூலைகளில் கயிறு சுருங்கக் கூடாதென்பதால் அவள் அவசரப்படவில்லை. கதவை மாட்டி மூடியதும் வீடு குளிர்ந்தது. எட்டிப் பார்த்த சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "டீ போடுடி, அழுதது போதும்" என்றாள் பெரியவள்.

அடுத்த விடுமுறைக்கு வந்த கணவன் வீட்டில் இரண்டு கிழவிகளைப் பார்த்தான். மத்தியானம் ரொட்டி வெந்துகொண்டிருக்கையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஓவன் கதவைத் தானே திறந்துவைத்து, எதிரே உட்கார்ந்தான். "மூடுங்க, ரொட்டி அமுங்கிடும்!" என்று சின்னவள் கத்தினாள். "இருங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, தலை முழுக்க நரைத்தபின், "இருடி" என்றான். பெரியவள் போய்க் கதவைத் தள்ளி மூடினாள்.

பாலம் வேலைக்கு அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை; அடையாள அட்டைப் படத்தில் இருக்கும் ஆள் வேறு என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். இப்போது மூவருமாக ரொட்டி சுடுகிறார்கள். கதவு கச்சிதமாக மூடுகிறது, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. என்ன மூடினாலும், வெந்ததை எடுக்கத் திறந்துதானே ஆக வேண்டும். ஓவன் மணி அடித்ததும் மூன்று பேரும் எழுந்துகொள்வார்கள். மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும், இன்று திறப்பது தன் முறைதான் என்று ஆளாளுக்கு அடம்பிடிப்பார்கள். அந்தச் சண்டை தெருமுனைவரை கேட்கும். ரொட்டி தயாராகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, ஆட்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.