எக்ஸ்ரேயைக் கேட்காத கிளினிக்

காலை ஏழு மணிக்கு முர்ரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குக் கிளம்பிவிடுவார். வாசலைத் தாண்டி இருபது அடி நடந்தால் பாறை விளிம்பு. அங்கிருந்து மணல்வரை நூற்றுப் பதினெட்டு மரப்படிகள். அவர் மனைவி க்ளெனிஸ் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் அவர் கால்கள் மறையும், பிறகு தோள், கடைசியில் வழுக்கைத் தலை. ஐந்து நிமிடம் கழித்துக் கீழே பச்சைத் தண்ணீரில் ஒரு புள்ளியாகத் தெரிவார். அந்த ஐந்து நிமிடம்தான் அவளால் தாங்க முடியாதது.

முப்பத்தோரு வருடம் அந்தப் படிகளில் இருவரும் சேர்ந்துதான் இறங்கினார்கள். குளிர்காலத்தில் பல் கிட்டித்துப்போகும் நாட்களிலும் இறங்கினார்கள். அவள் அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட இறங்கினார்கள். மூன்று வருடமாக அவர் மட்டும்.

திரும்பி வந்ததும் அவள் கேட்பாள். "எப்படி இருந்துச்சு?"

"சுமார்தான். ஒரே கலங்கல். பாசி வேற."

தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்த நாளிலும் அவர் கலங்கல் என்றுதான் சொல்வார். மேலிருந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கல்கூடத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? அவருடைய ஈரக் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு முட்டை பொரிக்கப் போய்விடுவாள்.

அவளுக்கு அறுபத்து நான்கு வயது. பக்கத்து ஊரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள். பெரிய பெரிய நாய்களைத் தூக்கி மேசையில் கிடத்திய அந்த முழங்கால்கள் இரண்டும் இப்போது தேய்ந்துபோயிருந்தன. சமதரையில் கைத்தடியோடு நடப்பாள். படி இறங்கினால் உள்ளே எலும்பும் எலும்பும் உரசுவது அவளுக்கே கேட்கும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்று ஊர் டாக்டர் சொன்னார். முடியாது என்றாள். அவளுடைய அக்கா இவோன் அதைத்தான் செய்துகொண்டாள். உள்ளே கிருமி புகுந்து, இரண்டு முறை மறுபடியும் திறந்து, கடைசியில் கால் மடங்காமலே போனது. இவோன் இப்போது காரில் பின்சீட்டில் காலை நீட்டிக் குறுக்கே உட்கார்ந்துதான் போவாள்.

ஆகவே முர்ரே வேறு வழி தேட ஆரம்பித்தார். உடம்பிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை எடுத்து, தேய்ந்ததைத் திரும்ப வளர்க்கும் என்று சொல்லப்படும் ஸ்டெம் செல்களை அதிலிருந்து பிரித்து மூட்டுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள் என்று எங்கோ படித்தார். ஒரு மாதத்தில் ஐந்து கிளினிக்குகளின் தாள்கள் ஃபிரிஜ் கதவில் தொங்கின. ஒன்று கோல்ட் கோஸ்டில், ஒன்று மலேசியாவில், மூன்று அடிலெய்டில். எல்லாத் தாளிலும் வெள்ளை முடி வைத்த ஒரு ஜோடி கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இவங்களுக்கு முட்டி வலியே வந்திருக்காது," என்றாள் க்ளெனிஸ். "பல்ல பாரு. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு நரை அடிச்சிருக்காங்க."

"நீ எதைத்தான் நம்புவ கிழவி? இதுல ஒரு கிளினிக் கூட்டம் நடத்துதாம், காசு இல்ல, காபி உண்டு. போய்க் கேட்டுட்டு வந்துருவோம்."

"காபிக்காக வரேன்."

அப்படிச் சொன்னாலும் அன்று அவள் தன் நீல நிறச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டாள். எக்ஸ்ரே உறையைப் பையில் வைத்தோமா என்று இரண்டு முறை திறந்து பார்த்தாள்.

கூட்டம் அடிலெய்டில் ஒரு ஹோட்டலில் நடந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் கையில் தடி. திரையில் படங்கள் ஓடின. ஒரு பெரியவர் மேடையேறி, தான் மறுபடியும் கோல்ஃப் ஆடுவதாகச் சொன்னார். முடிந்ததும் ஒவ்வொருவரோடும் ஒரு ஆலோசகர் தனியாக உட்கார்ந்தார். இவர்களுக்கு வந்தவள் ப்ரூக் என்ற பெண். முப்பது வயதிருக்கும். நல்ல சிரிப்பு.

"உங்களுக்கு எது ரொம்ப ஏக்கமா இருக்கு, க்ளெனிஸ்?"

யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர்கள் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்பார்கள். அவள் கடலைப் பற்றிச் சொன்னாள்.

"கண்ண மூடிக்கோங்க. தண்ணி இப்போ உங்க இடுப்பு வரைக்கும் வந்தாச்சு. எப்படி இருக்கு?"

க்ளெனிஸ் கண்ணை மூடினாள். நிஜமாகவே வந்தது. முதல் குளிர் வயிற்றில் ஏறும்போது மூச்சு நின்று திரும்புமே, அது. கால் தரையை விட்டு எழும்புகிற அந்த நொடி. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. முர்ரே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மேசையில் ஒரு படிவமும் பேனாவும் இருந்தன. இரண்டு முழங்காலுக்கும் சேர்த்துப் பதினெட்டாயிரம் டாலர்; இந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டால் இரண்டாயிரம் குறைவு.

"ஊர் சுத்துற அந்த கேரவன் வண்டிய வித்துரலாம்," என்றார் முர்ரே மெல்ல.

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். பெயரையும் எழுதிவிட்டாள். பிறகு பையைத் துழாவினாள். "எக்ஸ்ரே கொண்டாந்திருக்கேன். பாக்குறீங்களா?"

"அதெல்லாம் ஊசி போடுற அன்னிக்கு டாக்டர் பார்த்துக்குவாரு. கவலையே படாதீங்க."

"பார்த்துட்டு, இந்த முட்டிக்கு இது சரிப்படாதுன்னு அவர் யாரையாவது திருப்பி அனுப்பியிருக்காரா?"

ப்ரூக் படிவத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். "ஒவ்வொருத்தர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி, க்ளெனிஸ்."

க்ளெனிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் வேலை பார்த்த இடத்தில் நாயின் வாயைத் திறந்து பார்க்காமல் பூச்சி மாத்திரைகூடக் கொடுத்ததில்லை. அந்தப் பெண்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

காரில் முர்ரே வெடித்தார். "கையெழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்! ஒரு வாய்ப்பு இருந்தாலும் பார்த்துட வேண்டியதுதானே? கேரவன் எனக்கு எதுக்கு?"

"கத்தாத. எனக்குப் போடணும்னு இல்லன்னா நெனச்ச? கை அரிச்சுச்சு முர்ரே. இப்பவும் அரிக்குது."

ஊர்வரைக்கும் முர்ரே வண்டியை வேகமாகவே ஓட்டினார்.

ஃபிரிஜ் கதவில் அந்த ஐந்தும் போக ஆறாவதாக இருந்த தாள் ஒரு அரசு மருத்துவமனையுடையது. அதில் ஓடுகிற ஜோடி இல்லை. அதனாலேயே முர்ரே அதை அடியில் வைத்திருந்தார். அங்கே அதே ஊசியை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கட்டணம் கிடையாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர்தான் போடுவார்கள். யாருக்கு எது என்று ஒரு வருடம் சொல்ல மாட்டார்கள். மார்ச் மாதம் க்ளெனிஸ் அங்கே போனாள்.

டாக்டர் வ்லாஹோஸ் ஐம்பது வயதுக்காரர், குட்டையானவர். வணக்கம் சொன்ன கையோடு, "படம் எங்க?" என்று கேட்டார். எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். க்ளெனிஸுக்கு அந்த மௌனம் தெரியும். இருபத்தெட்டு வருடம் அதன் பக்கத்தில் நின்றவள் அவள்.

"உங்கள இந்த ஆய்வுல சேர்க்க முடியாது," என்றார் டாக்டர். "குருத்தெலும்பு கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும். உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல."

"வெளியில காசு கொடுத்தா போடுறாங்களே."

"போடுவாங்க. சில பேருக்குக் கொஞ்ச நாள் வலி குறையும். இங்க உப்புத்தண்ணி போட்டவங்கள்லயும் சில பேர் குறைஞ்சுருச்சுன்னுதான் சொல்றாங்க. ஆனா இந்த மாதிரி முட்டியில புதுசா ஒண்ணு வளர்ந்து நான் பார்த்தது இல்ல. பார்த்தா நானே உங்களுக்கு ஃபோன் பண்ணுவேன்."

க்ளெனிஸுக்கு அதோல் என்ற விவசாயி நினைவுக்கு வந்தார். ஆடு மேய்க்கும் தன் கிழட்டு நாயைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் வந்தவர். "ஏதாவது ஒண்ணு இருக்குமே, நிலத்தைக்கூட வித்துடுறேன்" என்று அவர் கெஞ்சினார். மருத்துவர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற க்ளெனிஸ் அன்றைக்கு அதோலைப் பார்த்து, பாவம், இவ்வளவு தெளிவான விஷயம் இவருக்கு ஏன் புரியவில்லை என்று நினைத்தாள். புரியாமல் இல்லை என்பது இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"எங்க அக்காவுக்கு ஆபரேஷன்ல கால் போயிருச்சு," என்றாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவோனின் கதை முழுவதையும் கேட்டார். "அது நடக்கும். நூறு பேர்ல ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ. உங்களுக்கு நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு கேட்டார், "படி இல்லாம சாய்தளம் போட்ட கடற்கரை எதுவும் பக்கத்துல இல்லையா?"

"நாப்பது நிமிஷம் கார்ல போகணும். முர்ரே கூட்டிட்டுப் போனாரு. அதுவும் தண்ணிதான்." க்ளெனிஸ் உதட்டைக் கடித்தாள். "ஆனா அது என் கடல் இல்ல டாக்டர்."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கழற்றி உறையில் போட்டு அவளிடம் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து, காற்றே இல்லாத ஒரு காலை. முர்ரே இறங்கிப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. க்ளெனிஸ் அலமாரியின் அடியிலிருந்து ஊதா நீச்சலுடையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இடுப்பில் இறுக்கியது. பாறை விளிம்புக்குப் போய், கைத்தடியைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டு, முதல் படியில் உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டு, கையை ஊன்றி, அடுத்த படிக்குச் சறுக்கினாள். பிறகு அதற்கடுத்த படி.

கீழே தண்ணீரில் இருந்த முர்ரே தலையைத் தூக்கிப் பார்த்தபோது, படிகளின் நடுவில் ஊதா நிறத்தில் ஏதோ அசைந்தது.

"க்ளென்! பைத்தியமா உனக்கு? அங்கயே இரு!"

"கத்தாதய்யா! ஊரே எழுந்துரும்!"

ஊர் ஏற்கெனவே எழுந்துவிட்டது. பக்கத்து வீட்டு டல்சி இரவு அங்கியோடு வேலியருகில் நின்று, "விழுந்துட்டியா, இறங்குறியா?" என்று கேட்டாள்.

"இறங்குறேன்!"

"அப்ப சரி. முள்ளு பார்த்து உட்காரு!"

முக்கால் மணி நேரம் ஆயிற்று. முர்ரே நனைந்த உடம்போடு கடைசி முப்பது படிகளும் அவள் முன்னால் பின்பக்கமாக இறங்கி வந்தார். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. மணலில் அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது, இடுப்புக்கு வந்தது. அவள் முன்னால் சாய்ந்தாள். கால் தரையை விட்டது.

அவள் நீந்தினாள். வலி இல்லை, எடையும் இல்லை. முர்ரே பக்கத்திலேயே வந்தார்.

"கலங்கலாவா இருக்கு இது?" என்றாள் அவள்.

அவர் தண்ணீரில் முகத்தை அமுக்கிக்கொண்டார். அழுகிறாரா என்று அவள் பார்க்கவில்லை.

ஏறுவதுதான் கொடுமை. பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டல்சி தேநீர்க் குடுவையோடு இறங்கி வந்து கூடவே உட்கார்ந்துகொண்டாள். அடுத்த இரண்டு வாரம் க்ளெனிஸின் முழங்கால்கள் பூசணிக்காய்போல வீங்கிக் கிடந்தன. கட்டிலில் படுத்தபடியே அவள் ஊர் டாக்டருக்கு ஃபோன் செய்து அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தாள். அன்றைக்கே முர்ரே ஃபிரிஜ் கதவிலிருந்த தாள்களை எடுத்துவிட்டார். ப்ரூக்கின் கிளினிக்கிலிருந்து இன்னும் மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்று முறையும் க்ளெனிஸ் உடனே வைத்துவிடவில்லை. அந்தக் குரல் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் வேண்டாம் என்றாள்.

முறை வரப் பத்து மாதம் ஆயிற்று. ஆபரேஷனுக்கு முந்தின நாள் இவோன் மருத்துவமனைக்கு வந்தாள். மடங்காத காலை நீட்டிக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லட்டுமாடி? உனக்கு நல்லபடியா ஆயிட்டா எனக்குப் பொறாமையா இருக்கும்."

"தெரியும்க்கா."

"பொறாமைப்பட ஆசையா இருக்கு. நல்லா ஆகித் தொலை."

வலது முழங்கால் நல்லபடியாகவே ஆனது. கிருமி எதுவும் வரவில்லை. முழுதாக மடங்காது, நடக்கும்போது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். இடது காலுக்கு இன்னும் முறை வரவில்லை. நான்கு மாதம் பயிற்சி செய்தபின், கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே நாற்பது படி இறங்கித் திரும்பி ஏற அவளால் முடிந்தது. அதற்குமேல் போகக் கூடாது என்று பயிற்சி கொடுக்கும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இப்போதெல்லாம் ஏழு மணிக்கு இருவரும் சேர்ந்து கிளம்புகிறார்கள். நாற்பதாம் படியில் க்ளெனிஸ் உட்கார்ந்துகொள்கிறாள். முர்ரே கீழே போகிறார். அங்கிருந்து பார்த்தால் அவர் புள்ளியாகத் தெரிவதில்லை, முகமே தெரிகிறது. அலை பாறையில் மோதும்போது சில நாள் ஒரு துளி அவள் உதட்டில் வந்து விழும். அவள் அதைத் துடைப்பதில்லை. இன்னும் எழுபத்தெட்டுப் படிகள் இருக்கின்றன.