பெரிய வீட்டுக்குப் போகிறவன்

ஜெர்வின் அபாடியானோ கூடைப்பந்து ஆட்டத்தில் முப்பத்தொரு புள்ளி எடுத்து அணியை ஜெயிக்க வைத்த மறுநாள், அவனுக்குக் கிடைத்த முதல் பாராட்டு ஒரு திட்டு. முட்டை வாங்க முக்குக் கடைக்குப் போனவனை, கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சரிங் அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆட்டம் முடிஞ்சாச்சு. பதினோரு பாயின்ட் முன்னாடி நிக்கிறீங்க. கடைசி செகண்டுல எதுக்குடா அந்த ஒரு பந்து?"

"கையில இருந்துச்சு, போட்டேன்க்கா."

"உன் கையில பந்து இருந்துச்சு. என் கையில ஏழு இருந்துச்சு. அதை ஒன்பதாக்கிட்டியே பாவி!"

இறுதிக் கணக்கின் கடைசி இலக்கத்தின்மேல் தெருவே பந்தயம் கட்டும். யார் ஜெயித்தார்கள் என்பது அங்கே இரண்டாவது கேள்விதான். ஜெர்வின் சிரித்துக்கொண்டே முட்டையை வாங்கினான். அக்கா அதைச் சுற்றிக் கொடுத்த செய்தித்தாளில் அவன் முகமே இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'அபாடியானோ: அசுர வளர்ச்சி'.

வளர்ச்சி பொய்யில்லை. போன வருடம்வரை அவன் தாலா மத்திமீன் கம்பெனி அணியின் மூலைக்காரன். மைதானத்தின் மூலையில் நின்று, பந்து வந்தால் எறிய வேண்டும், வராவிட்டால் நிற்க வேண்டும். பெரும்பாலும் வராது. பிறகு அணியின் முதன்மை ஆட்டக்காரன் ஜப்பானுக்குப் போய்விட்டான். கோச் ஆட்டோ வில்லரூஸ் வேறு ஆளில்லாமல் பந்தை ஜெர்வின் கையில் கொடுத்தார். முதல் மாதம் கேவலம். தட்டிக்கொண்டு போன பந்து தன் காலிலேயே பட்டு வெளியே உருண்டது. பிறகு ஏதோ ஒன்று திறந்துகொண்டது. தடுப்பவனின் கண்ணைப் பார்க்கக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும், கண் பொய் சொல்லும், இடுப்புக்குப் பொய் தெரியாது என்பது புரிந்தது. அவசரப்படாமல் அரை நொடி நிற்கப் பழகினான். அந்த அரை நொடியில் மைதானம் மழை ஓய்ந்த தெருவைப் போலத் துலங்கும். யார் எங்கே போகப் போகிறார்கள் என்பது அவர்கள் புறப்படுமுன்பே தெரியும். தன்னைவிடப் பெரிய ஒருவன் தனக்குள் இவ்வளவு காலம் குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறான் என்று அவனுக்குத் தோன்றும்.

"நீ நடக்கிறதே மாறிப்போச்சு," என்றாள் மனைவி ஐலீன், முட்டையை உடைத்தபடி. "முன்னெல்லாம் வீட்டுக்குள்ளகூட ஓரமாத்தான் நடப்பே. இப்ப நடுவுல நடக்கிறே. நான்தான் ஒதுங்க வேண்டியிருக்கு."

அந்த வாரமே முதலாளியின் பிறந்தநாள் விருந்து வந்தது. மத்தி டப்பா அடைக்கும் கம்பெனியும் பாயானி பெயிண்ட் கம்பெனியும் முதலாளி டான் செல்சோவுடையவை. அதனால் லீக்கில் இரண்டு அணிகளும் அவருடையவை. பாயானி கோப்பை வாங்கும் அணி. தாலா எண்ணிக்கைக்கு ஆடும் அணி. விருந்தில் நீள மேசைமேல் வாழையிலை விரித்து, தோல் மினுங்கும் முழுப் பன்றி ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். டான் செல்சோ அதன் காது ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, அதே எண்ணெய்க் கையால் ஜெர்வினின் புஜத்தைப் பிடித்து அழுத்திப் பார்த்தார்.

"நல்லாத் தேறிட்டானே! ஆட்டோ, தேறிட்டானா இல்லையா?"

"தேறிட்டான் சார்," என்றார் கோச், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"சீசன் முடியட்டும்ப்பா. பெரிய வீட்டுக்கு வந்துடு. சின்ன வீட்டுல எத்தனை நாள்தான் இருப்பே?"

சுற்றி நின்றவர்கள் அந்த ஜோக்குக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மூன்று அடி தள்ளி நின்ற முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜெர்வினும் சிரித்தான் என்பதுதான் கொடுமை. பாராட்டு என்றே நினைத்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதியில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்ததைப் பார்த்தான். ஐலீன் இரண்டு முறை துவைத்தும் அது போகவில்லை.

பெரிய வீடு என்றால் என்ன என்று அவனுக்கு விளக்கியவர் பெர்ட் அண்ணன். நோர்பெர்டோ லக்ஸினா. தாலாவில் பதினோரு வருடமாக ஆடுகிறவர், எல்லோருக்கும் அண்ணன். பயிற்சி முடிந்து இருவரும் கஞ்சிக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். குடல் போட்ட கஞ்சி, மேலே வறுத்த பூண்டு. பெர்ட் ஒரு துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"பாயானியில உன் இடத்துல ஆட எத்தனை பேர் இருக்கான் தெரியுமா?"

"நாலஞ்சு பேர்."

"எல்லாரும் எங்கேருந்து போனவங்க?"

ஜெர்வின் யோசித்தான். ஒவ்வொரு முகமாக வந்தது. எல்லா முகமும் ஒரு காலத்தில் தாலா ஜெர்சிக்கு மேலே இருந்த முகம்.

"மாங்காய்க்குக் கல்லு வெச்சுப் பழுக்க வெப்பாங்களே, அந்தப் பெட்டிதான்டா நம்ம டீம். பழுத்ததும் எடுத்துக்குவாங்க. திங்கறதுக்குன்னு நினைக்காதே. வேற எவனும் தின்னுடக் கூடாதுன்னு. அங்கே போனா பெஞ்சு. துண்டைச் சுத்திக் கை தட்டலாம். ரெண்டு வருஷத்துல அழுகிடுவே."

"மாட்டேன்னு சொன்னா?"

"கான்ட்ராக்ட் அவங்க கையில. மாட்டேன்னா எந்த டீமும் தொடாது." பெர்ட் கிண்ணத்தைச் சாய்த்து மிச்சத்தைக் குடித்தார். "நீ பண்ணின தப்பு ஒண்ணே ஒண்ணுதான். நல்லா ஆடிட்டே."

"அது தப்பாண்ணே?"

"இந்த டீம்ல அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. என்னைப் பாரு. பதினோரு வருஷம். தினம் ஆடறேன். ஒரு மேட்ச்லகூடப் பதினெட்டைத் தாண்டினதில்ல. தாண்ட முடியாமலா?"

ஜெர்வின் கரண்டியை வைத்தான். பெர்ட் அண்ணன் தனியாக நின்று தவறவிட்ட பந்துகள் அவன் நினைவில் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. முதலாளி அரங்குக்கு வரும் நாட்களில் பெர்ட் அண்ணனுக்கு வரும் தொடைப்பிடிப்பு. யாரும் துரத்தாமலே நழுவிய பந்துகள். 'பாவம், வயசாயிடுச்சு' என்று ஜெர்வின் எத்தனை முறை அவர் முதுகைத் தட்டிக் கொடுத்திருக்கிறான்!

"வேணும்னேவா?"

"கத்தாதே. ஞாயித்துக்கிழமை பாயானியோட மேட்ச். கிழவன் நேர்ல வரான், உன்னைக் கடைசியாப் பார்த்து முடிவு பண்ண. சொதப்பு. நாலு பந்தை விடு, கொஞ்சம் நொண்டு. 'இவன் இன்னும் காய்தான்'னு வேற எவனையாவது எடுத்துக்குவான். நீ இங்கேயே இருப்பே. தினம் ஆடலாம். என்ன, மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு ஆடணும். பழகிடும்."

அவர் உதட்டோரத்தில் கஞ்சி ஒட்டியிருந்தது. ஜெர்வினுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பாதிக் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். நடந்து வரும்போது, பிடிக்காமல் போனது பெர்ட் அண்ணனையா அல்லது அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததையா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஐலீன் கேட்டாள், "பெரிய டீம்தானே, போனா என்ன?"

"அங்கே உட்காரணும்."

"உட்கார்ந்தா வலிக்குதா?"

"நின்னவனுக்கு வலிக்கும்."



ஞாயிறு மதியம் அரங்கு நிரம்பியிருந்தது. ஜெயித்தால் தாலாவுக்குக் காலிறுதி. தோற்றால் வீடு. டான் செல்சோ நடு வரிசையில், ஒரு தோளில் மத்தித் துண்டும் மறு தோளில் பெயிண்ட் துண்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்துக்கு முன் ஜெர்வின் கோச்சை நடைவழியில் மடக்கினான்.

"கோச், என்னைக் கொடுக்கறதா பேசி முடிச்சாச்சா?"

ஆட்டோ வில்லரூஸ் அவன் ஷூவைப் பார்த்தார். "நான் விக்கலடா. தயாரா இருக்கானான்னு கேட்டாங்க. இருக்கான்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

"பந்தை என் கையில கொடுத்தப்பவே தெரியுமா?"

அவர் ஊதலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

முதல் பாதியில் பெர்ட் சொன்னபடியே செய்தான். தனியாக நின்ற இடத்திலிருந்து இரண்டு பந்துகளைக் குட்டையாக எறிந்தான். எளிய பாஸ் ஒன்றை எதிராளியின் மடியில் போட்டான். தவறவிடுவது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியாது. மணிக்கட்டு சரியான வழியில் போகத் துடித்தது, அதன் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் கெட்டுப்போன பாலை விழுங்கியதுபோல நாக்கு பிசுபிசுத்தது. மேலே யாரோ ஒரு பெண், "பாவம், முட்டியில அடியாட்டம் இருக்கு," என்றாள். அந்தப் பரிவுதான் எல்லாவற்றையும்விடக் குமட்டியது.

அணியில் மற்றவர்கள் விடவில்லை. காலிறுதி என்ற சொல்லையே மறந்துபோயிருந்த அந்த அணி அன்று நாய்போல் துரத்தி ஆடியது. ஆட்டம் முடிய இரண்டே நொடி இருக்கும்போது இரு அணிகளும் சமம். பந்து எப்படியோ ஜெர்வினிடம் வந்தது. அரை நொடி நிற்கும் பழக்கத்தை அவனால் விட முடியவில்லை. நின்றான், தடுப்பவன் குதித்து அவன்மேல் விழுந்தான். விசில். தடுப்பில்லாமல் எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ.

முதல் பந்து. கோட்டில் நின்று, பெர்ட் அண்ணனின் பதினோரு வருடத்தை நினைத்தான். நாளையும் மறுநாளும் பந்து தன் கையில் இருப்பதை நினைத்தான். எறிந்தான். வளையத்தின் முன்விளிம்பில் இடித்து விழுந்தது. அரங்கம் முழுக்க ஒரே பெருமூச்சு.

திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தான். பெஞ்சில் பெர்ட் அண்ணன் கண்களைப் பாதி மூடி, மெல்லத் தலையசைத்தார். கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் வரும் மருமகளைப் பார்த்து அசைக்கும் தலை அது. 'வா, நீயும் நம்மாள்தான்' என்றது. பக்கத்தில் கிடந்த தண்ணீர் பாட்டில்களை ஒதுக்கி, உட்கார இடமும் செய்தார்.

 பத்து வருடம் கழித்துத் தன் முகம் எப்படி இருக்கும் என்பதை ஜெர்வின் பார்த்துவிட்டான். முதலாளியின் கை புஜத்தில்தான் பதிந்தது. இந்தத் தலையசைப்பு எங்கே பதியும் என்று அவனுக்குத் தெரிந்தது.

இரண்டாவது பந்து வளையத்தைத் தொடவேயில்லை. வலை மட்டும் சரக்கென்றது.

உடை மாற்றும் அறையில் எல்லோரும் எல்லோர்மேலும் விழுந்து கத்திக்கொண்டிருந்தபோது டான் செல்சோ உள்ளே வந்தார். தோற்றது தன் பெரிய அணி என்ற வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை.

"முதல் பந்தை வேணும்னே விட்டியா? எங்க நெஞ்சைப் பதற வைக்க? கில்லாடிடா நீ! முதல் பாதியில தூங்கிட்டு அப்புறம் முழிச்சியே, அப்பவே நினைச்சேன். நான் எப்படித் தோப்பேன், சொல்லு? ரெண்டும் என் வீடுதானே!" மறுபடியும் புஜத்தைப் பிடித்தார்.

"அங்கே எனக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் சார்?"

 முதலாளி சிரித்தார். அவர் சிரித்ததால் கூட வந்தவர்களும் சிரித்தார்கள். "நிமிஷமா! கோப்பையைக் கையில கொடுக்கறேன்கிறேன், இவன் கடிகாரம் கேக்கறான்."

அவர் போன பிறகு பெர்ட் அண்ணன் அருகில் வந்தார். "முட்டாள். கிட்டத்தட்ட தப்பிச்சிருந்தே."

"ஆமாண்ணே."

"எதுக்குடா போட்டே?"

ஜெர்வின் அவரைப் பார்த்தான். சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அந்த மனிதர் இன்னும் எத்தனை வருடம் அதைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியிருக்கும் என்று நினைத்து, "கை வழுக்கிடுச்சுண்ணே," என்றான்.

காலிறுதியில் தாலா தோற்றது. அடுத்த திங்கட்கிழமை ஜெர்வின் பாயானிக்குப் போனான். பதிலுக்குத் தாலாவுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்கு முழங்கால் இல்லை, இன்னொருவனுக்கு ஆசை இல்லை.

பாயானியின் பயிற்சிக் கூடத்தில் குளிர்சாதனம் இருந்தது. ஓரத்தில் வரிசையாக, தொடையில் சதை போட்ட பழைய தாலா முகங்கள் உட்கார்ந்திருந்தன. ஒருவன் நகர்ந்து இடம் கொடுத்தான். இன்னொருவன் மடித்த துண்டு ஒன்றை நீட்டினான்.

"வாடா மத்தி! உனக்குன்னு இடம் பிடிச்சு வெச்சிருக்கோம். இந்தா, இது உன்னோடது. மூணாவது குவார்ட்டர்ல சுத்தினா டிவியில தெரியும்."

ஜெர்வின் துண்டை வாங்கிக்கொள்ளவில்லை. மதியம் இரண்டாம் அணியோடு சேர்த்து அவனை முதல் அணிக்கு எதிராக ஆட விட்டார்கள். பாயானியின் நட்சத்திரம் தன் விளம்பர முகத்தோடு அவன்முன் வந்து நின்றான். ஜெர்வின் அரை நொடி நின்று அவன் இடுப்பைப் பார்த்தான், மறுபக்கமாகப் போய்ப் பந்தைப் போட்டான். மறுபடியும் போட்டான். துணைக் கோச் விசில் ஊதினார்.

"ஏய், புதுசு! இது பயிற்சி. எதுக்கு இந்த வேகம்? மெதுவா, மெதுவா."

பெஞ்சிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தான். ஜெர்வின் சரியென்று தலையாட்டினான். பந்து திரும்ப அவன் கைக்கு வந்தது. மறுபடியும் அந்த இடுப்பைப் பார்த்தான். முன்பைவிட வேகமாகப் போனான்.