எஃபி மறுபடி ஓட்டினாள்

அண்ணன் லாக்லன் தன்னைக் கேட்காமலே தன் பைக்கை விற்க ஆள் பிடித்துவிட்டான் என்பது எஃபிக்குக் காலைக் கஞ்சியின்போதுதான் தெரிந்தது. வாங்குகிறவர் மதியம் இன்வர்னெஸிலிருந்து வருகிறாராம்.

"ஒத்தக் கால வச்சிக்கிட்டு அத என்ன பண்ணப் போற?"

"ரெண்டு கால் இருக்குண்ணா. ஒண்ணு கடையில வாங்குனது, அவ்வளவுதான்."

இரண்டு வருடத்துக்கு முன் மலை வளைவில் பைக் சறுக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள் எஃபி. அன்றிலிருந்து ஊரே அவளிடம் தணிந்த குரலில் பேசியது. பாதிரியாரின் மனைவி கடைவாசலில் அவள் பையைப் பிடுங்கிச் சுமந்தாள். எஃபி பொறுத்துப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல், இடது காலால் மாற்றும் கியரைக் கைப்பிடியில் பொத்தானாக மாற்றிக்கொண்டாள். கொட்டகைக்குப் பின்னால் புல்வெளியில் ஓட்டிப் பழகியும் விட்டாள்.

இப்போது தலைக்கவசத்தை மாட்டினாள்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஆமா. தள்ளி நில்லு."

ஏரியை ஒட்டி ஒற்றைத் தடச் சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. இருபுறமும் முட்புதர்கள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தன. சாலையில் படுத்திருந்த ஆடுகள் அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மெல்ல எழுந்து வழிவிட்டன. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்று விழுந்த அதே வளைவு வந்தது. கியரைக் குறைத்தாள், வளைவின் முடிவிலேயே கண்ணை வைத்துச் சாய்ந்தாள். கடந்துவிட்டாள்! தலைக்கவசத்துக்குள் கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கச் சொன்னாள்.

அடுத்த மேட்டில் சுற்றுலா வேன் ஒன்று சாலையை அடைத்தபடி இறங்கி வந்தது. பிரேக் பிடித்தாள். பதற்றத்தில் இடது காலை ஊன்ற, அது சரளையில் வழுக்கியது. வண்டியோடு சாய்ந்தாள்.

வேன்காரர் ஓடி வந்தார். தூக்கிவிடக் கையை நீட்டியவர் செயற்கைக் காலைக் கண்டு திகைத்தார்.

"ஐயோ, மேடம்! நகருங்க, நான் தூக்குறேன்."

"தொடாதீங்க."

இருக்கையில் முதுகைக் கொடுத்து, வலது காலால் உந்தித் தள்ளினாள். முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவை வண்டி நிமிர்ந்தது. தோள் விண்விண்ணென்று தெறித்தது.

"நீங்க கொஞ்சம் கீழ போயிட்டீங்கன்னா..."

"ஒதுங்குற எடம் ஒங்க பின்னாலதான் இருக்கு. ஏறி வர்றவளுக்கு வழி விடணும். நீங்கதான் பின்னால போகணும்."

முனகிக்கொண்டே அவர் வேனைப் பின்னால் எடுத்தார். எஃபி மேட்டு உச்சி வரை போனாள். கீழே கடல் விரிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டே திரும்பினாள்.

வீட்டு வாசலில் வாங்க வந்தவரும் லாக்லனும் நின்றிருந்தார்கள். கைப்பிடியிலிருந்த கீறலை அண்ணன் பார்த்துவிட்டான்.

"விழுந்தியா?"

"விழுந்தேன். எந்திரிச்சேன்."

வந்தவரிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க, வீண் அலைச்சல். வண்டிய விக்கிறதா இல்ல."

"இன்னொரு தடவ விழுந்தா என்னைக் கூப்புடாத!" லாக்லன் முகம் சிவந்தது.

"போன தடவயும் நான் கூப்புடலையே. நீயாத்தான் வந்த."

அவன் காரில் ஏறிக் கதவை அறைந்தான். எஃபி அவனைத் தடுக்கவில்லை. துணியை நனைத்து, வண்டியில் அப்பியிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள்.